சராசரி மூக்கு

சொர்ணவல்லி எரிவாயுக் கலப்பு நிலையத்துக்குப் போனது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவதற்காக. "எங்க வீட்டு அடுப்படியில கேஸ் கசியுது" என்பதுதான் அவள் சொல்ல வேண்டியது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஏறிப் போன பஸ் ஆலங்குடி போய்த் திரும்புவதற்குள் காரியத்தை முடித்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பாதி தைத்த ரவிக்கை தையல் மிஷினில் ஊசிக்குக் கீழேயே கிடந்தது. நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியாத அப்பாவிகள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது.

புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. போன வருஷம்தான் அந்தச் சந்துக்குக் குழாய் வழியே எரிவாயு வந்தது. சிலிண்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், இனிமேல் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது போல வரும் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். புதுக்கோட்டையில் குழாயைத் திருகினால் தண்ணீர் எப்படி வரும் என்று தெரிந்தவர்கள் அப்போதே சிரித்தார்கள்.

இன்று காலை மீட்டருக்குக் கீழே உள்ள இணைப்பில் அழுகின முட்டை வாடை அடித்தது. அடுப்புக்குப் போகும் திருகை மூடிப் பார்த்தாள். வாடை நிற்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த பெரிய திருகு துருவேறிப்போய் அசையவே இல்லை. சன்னல்களைத் திறந்துவிட்டு, வாசலில் நின்று புகார் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு தேன்குரல் பேசியது. வாடை வந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது, வாடை வராவிட்டால் இரண்டை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினாள். "வாடை தொடர்பான அனைத்தும் திருவரங்குளம் கலப்பு நிலையத்தின் பொறுப்பாகும். நேரில் அணுகவும். தங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு" என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

அவளுக்கு இருந்த ஒரே கவலை புருஷன் ஆனந்தராஜ். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் போகும்போது அவர் மூக்கின் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊசிப்போன சாம்பாரை "இன்னைக்குத்தான் நல்லா வச்சிருக்க" என்று பாராட்டிச் சாப்பிடுகிற மனுஷன். மதியத்துக்கு மேல் டூட்டி முடிந்து வந்தால், தன்னிடம் இருக்கிற சாவியால் வீட்டைத் திறந்து, தோளில் கிடக்கும் பையைக்கூடக் கழற்றாமல் வரக்காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார். வண்டி ஓடும்போது போனை எடுக்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவார். அப்போது சொல்லிக்கொள்ளலாம், அதற்காகத் தெருவைக் கூட்டுவானேன் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நிலையம் திருவரங்குளத்தைத் தாண்டித் தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, 'பாதுகாப்பு வார விழா' என்று வளைவு வைத்திருந்தார்கள். பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பெரிய போர்டு. காவலுக்கு இருந்த செல்லமுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார்.

"போனை இதுல போடுங்கம்மா. உள்ள தீப்பொறி ஆகாது."

"மதியம் வீட்டுக்காரரு கூப்பிடுவாருங்க."

"அதுக்குள்ள வெளிய வந்துருவீங்க" என்றார் செல்லமுத்து. சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொர்ணவல்லி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கழுத்தில் 'வருகையாளர்' அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் கேட் மூடியது.

உள்ளே கலப்புக்கு அன்றைய பூசை நடந்துகொண்டிருந்தது. நிலையத்துக்குள் தீ கூடாது என்பதால் பேட்டரியில் எரியும் கற்பூரம் வைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்தால் பொறி பறக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருந்ததால், தேங்காயை ஆலங்குடியிலேயே உடைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் கையை முன்னால் நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். சொர்ணவல்லியின் கையையும் யாரோ பிடித்து நீட்டிவிட்டார்கள். பிறகு நிலையத்தின் தலைமை மேலாளர் ராம்நாத் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டையும் தங்க நிறத்தில் ஹெல்மெட்டும் போட்டிருந்தார்.

"பாதுகாப்புச் சொந்தங்களே! நமக்கு இரண்டு வாயுக்கள் வருகின்றன. ஒன்று கிணற்றிலிருந்து வருவது, மெலிந்தது. மற்றொன்று கப்பலில் வருவது, கொழுத்தது. மெலிந்ததை மட்டும் கொடுத்தால் அடுப்பு அணையும். கொழுத்ததை மட்டும் கொடுத்தால் அடுப்பு சீறும். இரண்டையும் தரம் பார்த்துக் கலப்பது, பத்துப் பொருத்தமும் பார்த்துக் கல்யாணம் செய்து வைப்பதைப் போன்ற புனிதப் பணி. இந்தப் பணியில் ஒரே ஒரு குறைதான் உண்டு. வாயுவை நம்மால் கட்டுப்படுத்த முடிகிறது. நுகர்வோரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. அவர்கள் மட்டும் இதைப் பயன்படுத்தாமல் இருந்தால் நம் பாதுகாப்புப் பதிவு உலகத் தரத்தை எட்டிவிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சொர்ணவல்லியும் தட்டினாள். தட்டினால் சீக்கிரம் முடியும் என்று பட்டது.

முடிந்ததும் அவளை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பாதுகாப்பு அலுவலர் செம்மலும் தர அலுவலர் வித்யாவும் ஆளுக்கு ஒரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். செம்மல் மின்விசிறிக்குக் கீழே ஹெல்மெட்டோடு இருந்தார். வித்யா கையில் அத்தர் தடவிய கைக்குட்டை இருந்தது.

"எங்க வீட்டு அடுப்படியில கேஸ் கசியுதுங்க" என்றாள் சொர்ணவல்லி.

செம்மல் பதறி எழுந்து கதவைச் சாத்தினார். "அம்மா, அந்த வார்த்தைய இந்த வாரம் மட்டும் சொல்லாதீங்க. பாதுகாப்பு வாரம் நடக்குது. வாசல்ல போர்டு பாத்தீங்கள்ல? ஒரு கசிவு பதிவானா அது பூஜ்யத்துக்குப் போயிரும். சாருக்கு ஷீல்டு வரப் போற நேரம்."

"வீடு வெடிச்சிருச்சுன்னா?"

"அது வளாகத்துக்கு வெளிய. வெளிய நடக்குறது போர்டுல வராது" என்று ஆறுதல் சொன்னார் செம்மல். "சரி, கசியுதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? குப்புன்னு வாடை அடிச்சிச்சு."

"நீங்களே மோந்தீங்களா? ஒங்க சொந்த மூக்குலயா?"

"பின்ன, கடன் வாங்குன மூக்கா?"

செம்மலின் முகம் மலர்ந்தது. அதுவரை திரும்பிப் பார்க்காத வித்யாகூடத் திரும்பினாள். "சார், மூக்கு வந்திருக்கு!" என்று தொலைபேசியில் ராம்நாத்திடம் சொன்னாள்.

இந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கிறது. பூமியிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. கசிந்தாலும் தெரியாது. அதனால் நாறுகிற மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அனுப்புகிறார்கள். எவ்வளவு கலப்பது என்பதை எந்த மிஷினும் சொல்லாது. 'சராசரி மூக்கு உடைய பொதுமக்களில் ஒருவர்' மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. நிலைய ஊழியர்கள் அதற்கு லாயக்கில்லை. மருந்துத் தொட்டி பல வருஷமாக லேசாக ஒழுகிக்கொண்டிருந்ததில் அங்கே வேலை பார்த்த எல்லோர் மூக்கும் எப்போதோ மரத்துப்போயிருந்தது. தொட்டி ஒழுகுவதும் அதனாலேயே யாருக்கும் தெரியவில்லை. வெளியே ஆள் தேடிப் போனால் ஒருவரும் வருவதில்லை. ஆகவே வாடை வருகிறது என்று புகார் சொல்லத் தானாக வந்து மாட்டுகிறவர்தான் அவர்களுக்குத் தெய்வம்.

"ஒரு நிமிஷ வேலைம்மா" என்றார் செம்மல். "மோந்து சொல்லிட்டீங்கன்னா கலப்பு முடிஞ்சிரும். முடிஞ்சதும் ஒங்க வீட்டுக்கு ஆள் அனுப்புறோம்."

"முதல்ல அனுப்புங்க. அப்பறம் எத்தன வாட்டி வேணாலும் மோக்குறேன்."

"கலப்பு நடக்குறப்ப வளாகத்துக்குள்ள இருக்குற எதுவும் வெளிய போகக் கூடாது. அது விதி. வாயுவுக்காகப் போட்டதுதான். ஆனா 'எதுவும்'னு எழுதியிருக்காங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

வராந்தாவில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் இருந்தார். கொடியில் வேட்டி காய்ந்தது. பக்கத்தில் சோப்பு டப்பா, சீப்பு, ஒரு சின்னத் துளசிச் செடி. கழுத்தில் 'வருகையாளர்' அட்டை வெளுத்துப்போயிருந்தது. பெயர் வயிரவன். திருமயம் பக்கம் பலகாரக் கடை வைத்திருந்தவர். கடை அடுப்பு மஞ்சளாக எரிந்து முறுக்கு சிவக்க மறுக்கிறது, வாடை வேறு அடிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார்.

"எப்ப வந்தீங்க அய்யா?"

"பங்குனியில வந்தேன் ஆத்தா."

"இது ஐப்பசிங்க!"

"அப்புடியா? மழை பெஞ்சப்பவே நெனச்சேன்" என்றார் வயிரவன். "கலப்பு முடிஞ்சாத்தான் போகலாம். முடியணும்னா அந்தத் தம்பி கையெழுத்தும் இந்தப் பொண்ணு கையெழுத்தும் ஒண்ணா விழணும். தம்பி பாதுகாப்பு. வாடை பத்தல, மருந்தக் கூட்டும்பாரு. பொண்ணு தரம். வாடை வந்தா ஜனங்க புகார் குடுக்குறாங்க, கொறைம்பா. ரெண்டு பேரும் ஒண்ணா கையெழுத்துப் போட்டு நான் பாத்ததில்ல. எம்மூக்கும் ஆடியிலயே செத்துப்போச்சு. இப்ப எனக்கு மல்லிப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான். காலாவதின்னு எழுதிட்டாங்க."

"அப்ப ஒங்கள விட்ரலாமுல்ல?"

"அடுத்த மூக்குக்கிட்ட சார்ஜ் ஒப்படைச்சாத்தான் விடுவாங்க" என்று சொல்லி அவளையே ஆசையாகப் பார்த்தார். "நீ வந்துட்ட."

சொர்ணவல்லி எழுந்து கேட்டை நோக்கி நடந்தாள். செல்லமுத்து வணக்கம் வைத்தார், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. தட்டில் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே அதில் 'அவரு' என்று எழுத்து மின்னுவதைப் பார்த்தாள்.

"எடுங்கண்ணே! எடுத்து அடுப்பப் பத்த வைக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க!"

"அடுத்தவங்க போனை எடுக்குறது தப்பும்மா" என்றார் செல்லமுத்து. போன் அடித்து ஓய்ந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தப் பக்கம் தைலமரக் காட்டுச் சாலையில் அவள் பிடிப்பதாக இருந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

ஓடிப்போய் ராம்நாத்தின் அறைக்குள் நுழைந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ராம்நாத் இரக்கமுள்ளவர். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் புகாரை நான் நேரடியாகக் கேட்டால் அது சலுகை ஆகிவிடும். மேலிடம் வழியாக வரட்டும். இதோ ஹாட்லைன். இது தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான் போகும். நீங்களே பேசுங்கள்."

பேசினாள். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வைத்துவிட்டார். உடனே ராம்நாத்தின் மேஜையில் இருந்த இன்னொரு தொலைபேசி அடித்தது. ராம்நாத் எழுந்து நின்று எடுத்தார். "ஆமாம் சார்... கசிவா சார்? ஒரு பெண்மணியா? அப்படியா சார்! வருந்துகிறேன் சார். கவனிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு சொர்ணவல்லியைப் பார்த்து, அப்போதுதான் முதல் தடவையாக விஷயத்தைக் கேள்விப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார்.

"உங்கள் வீட்டில் கசிவாமே? மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். இனிக் கவலை இல்லை. பாதுகாப்பு வாரம் முடிந்ததும் முதல் வேலை இதுதான்."

அவள் வெளியே வந்தபோது ஒரு யோசனை தோன்றியது. வயிரவனிடம் போனாள்.

"அய்யா, சார்ஜை நான் வாங்கிக்கிறேன். எத்தன மாசம் வேணாலும் இங்கிட்டுக் கெடக்குறேன். நீங்க வெளிய போனதும் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிருவீங்களா?"

வயிரவன் கண் கலங்கினார். "ஒன் தாலிக்கு நான் பொறுப்பு ஆத்தா" என்றார். சட்டென்று வேட்டியை மடித்தார், துளசிச் செடியை அக்குளில் இடுக்கினார். சார்ஜ் ஒப்படைப்பு முறைப்படி நடந்தது. 'பொது மூக்கு' என்று எழுதிய பட்டையை அவர் கழுத்திலிருந்து எடுத்து அவள் கழுத்தில் போட்டு, இனிப்பு கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். பெரியவர் கேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

செம்மல் கையைக் குறுக்கே நீட்டினார். "வெளியே போறவங்க உடல் உறுப்பெல்லாம் வந்த நெலமையில இருக்குன்னு காட்டிட்டுப் போகணும் அய்யா. இல்லேன்னா நாளைக்கு எங்க மேல கேஸ் போடுவீங்க. இதை மோந்து என்னன்னு சொல்லுங்க" என்று ஒரு காப்பித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

வயிரவன் மோந்தார். கண்ணை மூடி மறுபடி மோந்தார். "சீயக்காயா?" என்றார்.

அவரைத் திரும்ப அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் துளசிச் செடியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வேட்டியைக் கொடியில் போட்டார். சொர்ணவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. இப்போது ஆனந்தராஜ் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார், இன்னும் இரண்டு நடை, அப்புறம் வீடு. சாவியைத் திருகுவார். வழக்கம் போல மின்விளக்குப் பொத்தானைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போவார். தெருவே நாறினாலும் அந்த மனுஷனுக்குத் தெரியாது.

தெருவே நாறினால் தெருவுக்குத் தெரியும்!

இந்த எண்ணம் வந்தபோது அவளைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு குழாய்முனை இருந்தது. அதில் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் காற்றோடு கலந்து விடுவார்கள். வாடை தெரிந்தவுடன் 'வருது' என்று சொல்ல வேண்டும். செம்மலும் வித்யாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

முதல் மூச்சிலேயே வாடை பட்டென்று அடித்தது. காலையில் வீட்டில் வந்த அதே முட்டை நாற்றம்.

"வருதாம்மா?"

"வரலைங்க" என்றாள் சொர்ணவல்லி.

செம்மல் வித்யாவை வெற்றிப் பார்வை பார்த்தார். "கேட்டீங்களா மேடம்? சராசரி மூக்குக்கே வரல. மருந்தக் கூட்டு!" உள்ளிருந்து யாரோ ஒரு சக்கரத்தைத் திருகினார்கள். ஊருக்குப் போகும் குழாயில் மருந்து கூடியது.

"இப்ப?"

"ம்ஹூம்."

"கூட்டு!"

"இப்ப எப்புடிம்மா?"

மூக்குக்குள் மிளகாயை அரைத்துத் தடவின மாதிரி எரிந்தது. குடலே வாய்க்கு வந்தது. "லேசாக்கூட வரலைங்க" என்றாள்.

வித்யாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஒங்களுக்குக் கண்ணுல தண்ணி வழியுதே?"

"வீட்டை நெனச்சேன் மேடம்" என்றாள் சொர்ணவல்லி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அழுகைக்கும் மூக்குக்கும் சம்பந்தம் இல்லை" என்று செம்மல் விதியை எடுத்துச் சொன்னார். அவருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை. கூட்டு, கூட்டு என்று சக்கரத்தின் கடைசித் திருகு வரைக்கும் கூட்டினார். அந்த அறையில் நின்ற ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சொர்ணவல்லி ஒருத்திதான் அந்த நரகத்துக்குள் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஹாட்லைன் அடித்தது. பிறகு மேஜைத் தொலைபேசி. பிறகு நிலையத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒரே சமயத்தில் அடித்தன. புதுக்கோட்டை முழுக்க நாறுகிறதாம். சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்களாம். கல்லூரிக்கு விடுமுறை விட்டாயிற்று, ஜவுளிக்கடைகளில் பொம்மைகளைத் தவிர ஆள் இல்லை, தீயணைப்புக்காரர்கள் ஊர் எல்லையில் பெரிய வால்வையே மூடிவிட்டார்கள் என்று செல்லமுத்து ஓடிவந்து சொன்னார். குழாயில் கசிவு இல்லாத வீட்டில் வாடை வராது. ஊரே நாறியதென்றால் ஊர் முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். நிலையத்தில் யாரும் அந்த அர்த்தத்துக்குப் போகவில்லை.

"வால்வை மூடிட்டாங்களாண்ணே? நெசமாவா?" என்று கேட்டாள் சொர்ணவல்லி. மூடிவிட்டார்கள் சரி, எப்போது மூடினார்கள்? அவர் வீட்டுக்குள் போவதற்கு முன்னாலா, பின்னாலா? அதைக் கேட்டால் செல்லமுத்துவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாலையையே பார்த்தாள்.

பொழுது சாய்ந்தபோது பஸ்கள் வர ஆரம்பித்தன. பின்னால் வேன், ஆட்டோ, டூவீலர். வாடை தொடர்பான அனைத்துக்கும் திருவரங்குளத்தை நேரில் அணுகச் சொல்லி அந்தத் தேன்குரல் ஊருக்கே சொல்லியிருந்தது. அணுகிவிட்டார்கள். முதல் பஸ்ஸின் படியிலிருந்து காக்கிச் சட்டை ஒன்று, பஸ் நிற்பதற்கு முன்பே, பழக்கத்தில் குதித்தது.

ஆனந்தராஜ்!

"சொர்ணம்!" என்று கத்திக்கொண்டு அவர் கேட்டை நோக்கி ஓடிவந்தார்.

"உள்ள வராதீங்க! ஒங்களக் கும்புடுறேன், அங்கிட்டே நில்லுங்க!" என்று அலறினாள் சொர்ணவல்லி. பெண்டாட்டி கம்பிக்குப் பின்னால் நின்று அலறும்போது எந்தப் புருஷன் அங்கிட்டே நிற்பான்? தட்டில் போனை வீசினார், அட்டையைக் கழுத்தில் மாட்டினார், உள்ளே வந்துவிட்டார். பின்னால் கேட் மூடியது.

அவர் கையையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். "அடுப்பப் பத்த வச்சீங்களா?"

"எங்குட்டுப் பத்த வைக்க? சந்துக்குள்ளயே விடல. அம்புட்டுப் பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு ரோட்டுல நிக்கிறாங்க. எனக்கு ஒரு எழவும் தெரியல. எல்லாரும் பொத்தியிருக்காங்களேன்னு நானும் பொத்திக்கிட்டு நின்னேன்."

சொர்ணவல்லி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அவர் பையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். உயிரோடு நிற்கிறார். அது போதும் அவளுக்கு. ஆனந்தராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, தங்க ஹெல்மெட் போட்ட ஒருவர் தன்னை நோக்கி ஏன் இவ்வளவு பிரியமாக வருகிறார் என்று பார்த்தார்.

புதிதாக வந்த மூக்கு என்று அவரையும் குழாய்முனையின் முன்னால் நிறுத்தினார்கள். கடைசித் திருகு வரை மருந்து ஏறிய வாயு அவர் முகத்தில் அடித்தது. கூடவே நின்ற சொர்ணவல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"வருதா சார்?"

"என்ன வரணும்?" என்றார் ஆனந்தராஜ்.

செம்மலும் வித்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மூக்கும் ஒன்றையே சொல்லிவிட்டன. வாடை வரவில்லை என்றால் இன்னும் பெரிய மருந்துத் தொட்டி கேட்கலாம், ஆகவே பாதுகாப்புக்குத் திருப்தி. வாடை வரவில்லை என்றால் புகாருக்கே இடமில்லை, ஆகவே தரத்துக்கும் திருப்தி. ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு இரண்டு பேரும் வெட்கத்தோடு சிரித்தார்கள். ராம்நாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வயிரவன் துளசிச் செடியோடு ஓடிவந்தார். "ரெண்டு கையெழுத்தும் விழுந்துருச்சு! கலப்பு முடிஞ்சிருச்சு! அப்ப நாங்க போகலாமுல்ல?"

"முடிந்துவிட்டது" என்றார் ராம்நாத். "அடுத்த கலப்பு தொடங்கியும் விட்டது. இடைவெளி விட்டால் அழுத்தம் குறையும்."

கேட்டுக்கு வெளியே கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. ராம்நாத் மைக்கை வாங்கினார்.

"பெருமதிப்புக்குரிய நுகர்வோரே! ஒவ்வொருவராகப் போனைத் தட்டில் இட்டுவிட்டு உள்ளே வாருங்கள். இன்று நம் நிலையத்தின் வரலாற்றில் பொன்னாள். இந்த நிமிடத்தில் புதுக்கோட்டையில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை. விபத்துக்கு வாய்ப்பே இல்லை. இத்தனை வருடம் கழித்து நாம் முழுமையான பாதுகாப்பை அடைந்திருக்கிறோம். இதை இப்படியே நிலைநிறுத்த உங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறேன்."

பழக்கதோஷத்தில் கூட்டம் கைதட்டியது. தட்டில் போன்கள் விழுகிற சத்தம் கேட்டது. சொர்ணவல்லியின் தெருக்காரர்கள், தையல் கொடுக்க வருகிறவர்கள், மார்க்கெட்டில் பார்த்த முகங்கள் எல்லாம் கழுத்தில் அட்டையோடு உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.

"ஏன் சொர்ணம், எப்ப வீட்டுக்குப் போறது?" என்று மெதுவாகக் கேட்டார் ஆனந்தராஜ்.

அவள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இடம் விட்டாள்.